ஜெபராணியின் செரிங்க

ஜெபராணி பேசிவிட்டாள் என்ற செய்தி காலைப் பூசை முடிவதற்குள் கருமத்தம்பட்டி முழுக்கப் பரவிவிட்டது. கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் தேடுவதை விட்டுவிட்டு நின்றார்கள். பங்கின் தெருவாரி ஜெபக்குழுவான அன்பியத்தின் வாட்ஸாப் குழுவில் கைகூப்பிய படங்களும் பூங்கொத்துகளும் வரிசை கட்டின. ஜெபராணி முதலில் "மரியே" என்றுதான் சொன்னாளாம் என்று ஒருத்தி எழுதினாள். இல்லை, மகள் பெயரைத்தான் சொன்னாளாம், நேரில் பார்த்தவர்களே சொன்னார்கள் என்று இன்னொருத்தி எழுதினாள். நேரில் பார்த்தவர்கள் டாக்டரம்மா, மகள் ஜோஸ்லின், புருஷன் சின்னப்பராஜ் ஆகிய மூன்றே பேர். மூன்று பேரும் ஊரில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொல்லப்போனால், ஜெபராணியும் திறக்கவில்லை.

நடந்தது இதுதான். தவக்காலத்தில் ஒரு மத்தியானம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த ஜெபராணி கரண்டியோடு சரிந்தாள். மூளையின் அடித்தண்டில் ரத்தக்கட்டு. உயிர் தங்கியது, மற்றதெல்லாம் போனது. கை, கால், நாக்கு, கடைசியில் கண்ணிமைகூட அவள் சொல்படி கேட்கவில்லை. இமை தானாகத் திறக்கும், தானாக மூடும். உள்ளே ஆள் இருக்கிறாளா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் அவள் காதுபடவே, "பாவம், சீக்கிரம் போய்ச் சேர்ந்தாத் தேவல" என்று சொல்லிவிட்டு, கட்டிலருகே இருந்த ஆரஞ்சில் ஒன்றை உரித்துத் தின்றுவிட்டுப் போனார்கள்.

கோவையில் அவிநாசி ரோட்டில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், பெயர் நமக்கெதற்கு, இப்படிப்பட்டவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. தலையில் ஒயர் கோத்த தொப்பியை மாட்டி, மூளைக்குள் என்ன ஓடுகிறது என்று திரையில் பார்ப்பார்கள். ஜெபராணியை அங்கே சேர்த்தார்கள். பார்த்துக்கொண்டவர் டாக்டர் சண்முகப்ரியா. அன்னூர்க்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தும் வாயிலிருந்து "ஏனுங்க" போகாதவர்.

"ஜெபராணிம்மா, நான் கேக்கறதுக்கு ஆமான்னா, டென்னிஸ் ஆடற மாதிரி மனசுல நெனச்சுக்கோங்க" என்று டாக்டர் தொடங்கியதும் ஜோஸ்லின் சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"டாக்டர், எங்கம்மா கையில புடிச்ச ஒரே மட்டை கொசு மட்டைதானுங்க."

"அப்ப எதுங்க அவங்களுக்கு நல்லாக் கை பழகுனது?"

"முறுக்குப் பிழியறது. கிறிஸ்துமஸ் வந்தா ஊரு பூராவுக்கும் எங்க ஊட்டு முறுக்குதான்."

ஆக, ஆமாம் என்றால் முறுக்குப் பிழிவதாக நினைக்க வேண்டும். இல்லை என்றால், வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்து போவதாக நினைக்க வேண்டும். கை வேலையை நினைத்தால் மூளையில் ஓரிடமும், வழி நடப்பதை நினைத்தால் வேறோரிடமும் விழித்துக்கொள்ளுமாம். முறுக்குக்குத் திரையில் மேல்கோடு எழும், கோயிலுக்குக் கீழ்க்கோடு எழும்.

நடை என்றதும் ஜோஸ்லினுக்குக் கோயில் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஜெபராணி தினமும் பூசைக்கு நடந்துதான் போவாள். சின்னப்பராஜ் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே போய், "ஏறிக்கோ அம்மணி, கொண்டுபோய் உடறேன்" என்பார். "நீங்க போங்க, நான் நடந்தே வாரேன்" என்பாள் அவள். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார்.

"உங்க பேரு ஜெபராணிங்களா?" மேல்கோடு எழுந்தது. "உங்க ஊரு அந்தியூருங்களா?" கீழ்க்கோடு. "உங்களுக்கு ஒரே பொண்ணுங்களா?" மேல்கோடு. ஜோஸ்லின் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். சின்னப்பராஜ் உட்கார நாற்காலியைத் தேடி, கிடைக்காமல், குப்பைக்கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. டாக்டர் நிதானமாக, எதையும் மறைக்காமல் கேட்டார். "ஜெபராணிம்மா, மண்டையைத் தொறந்து மூளை மேல ஒரு சின்னக் கருவி வெக்கலாமுங்க. நீங்க பேச நெனைக்கறத அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் பேசும். ஆனா ஆபத்து இருக்குதுங்க. உள்ளுக்குள்ள ரத்தம் கசியலாம், சீழ் புடிக்கலாம். வேலையே செய்யாமயும் போகலாம். ஆராய்ச்சி முடிஞ்சதுன்னா கருவியத் திரும்ப எடுத்தாலும் எடுத்துருவாங்க. வெச்சுக்கலாமுங்களா?"

மேல்கோடு எழுந்தது. ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி கேட்டார்கள். மேல்கோடு. இன்னொரு தடவை கேட்டார்கள். அதற்கும் முறுக்குத்தான்.

ஊர் இதைத்தான் பேச்சு என்று கொண்டாடிக்கொண்டிருந்தது. புருஷன் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் பாக்கி. சின்னப்பராஜ் பேனாவைத் திறந்தார், மூடினார், டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தார். "நாளைக்குப் போட்டுக்கலாமுங்க" என்றார்.

சின்னப்பராஜைச் சும்மா சொல்லக் கூடாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் நிருபம் வாசிக்கும்போது கொரிந்தியர் என்ற பெயரைக் கொஞ்சம் கடித்துக் குதறுவார், அவ்வளவுதான். தறி ஷெட் போட்டுக் கௌரவமாகப் பிழைக்கிறவர். அவருக்கு இருந்த ஒரே பெருமை, எந்தக் காரியத்தையும் பெண்டாட்டியைக் கேட்காமல் செய்ததில்லை என்பது. கல்யாண வீட்டில் நாலு ஆண்கள் கூடினால் இதைச் சொல்லாமல் இலையை மடக்கமாட்டார். "நான் எதுன்னாலும் ராணியக் கேட்டுப்போட்டுத்தான் செய்வனுங்க." அது பொய்யில்லை. கேட்பார். அவளும் பதில் சொல்வாள். பதில் எப்போதும் ஒன்றுதான்: "செரிங்க."

பேனாவைத் திறந்தபோது அந்தச் செரிங்கதான் அவர் காதில் விழுந்தது. ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ஜெபராணி சொன்னது செரிங்க. பங்குச் சாமியார், மாதாமாதம் ஜெபக்கூட்டத்தை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோதும் செரிங்க. ஜோஸ்லினுக்கு வரன் பார்த்தபோது, வந்த மாப்பிள்ளை வீட்டாரில் மூன்று பேருக்கு ஒரே வாரத்தில் செரிங்க சொல்லிவிட்டாள். அந்தச் சிக்கலை அவிழ்க்க சின்னப்பராஜ் மூன்று வீட்டுப் படியும் ஏறி இறங்கி, மூன்று வீட்டுக் காப்பியும் குடித்து, மூன்று வீட்டு முறைப்பையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "ஊடு தேடி வந்து மரியாதையாக் கேக்கறவங்க மொகத்துக்கு நேரா எப்படீங்க இல்லைங்கறது?" என்றாள்.

அவர் டாக்டரைத் தனியே பார்த்தார். "டாக்டரம்மா, கோவிச்சுக்கக் கூடாது. அவ சொன்ன ஆமாவுல எனக்கு நம்பிக்கையில்லீங்க."

"ஏனுங்க சார்? அந்தியூருங்களான்னு கேட்டதுக்கு இல்லைன்னு கரெக்டாத்தான சொன்னாங்க?"

"அது தப்பைத் திருத்தறதுங்க. அதுல அவளுக்குச் சங்கடமில்லை. இது அப்பிடியில்லீங்களே. படிச்சவங்க, கட்டலோரம் நின்னு, வெச்சுக்கலாமுங்களான்னு இத்தனை பதனமாக் கேக்கறீங்க. அவ எப்படீங்க மாட்டேம்பா?"

டாக்டர் சிரிக்கப் போனார், சிரிக்கவில்லை. கையிலிருந்த மாத்திரைப் பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"எங்கம்மாவும் அப்பிடித்தானுங்க. பல் டாக்டர், பக்கத்துப் பல்லையும் புடுங்கிரலாமுங்களான்னு கேட்டாரு. அது நல்ல பல்லு. செரிங்கன்னு சொல்லிப்போட்டு, ஊட்டுக்கு வந்து அழுதாங்க." பெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "சார், ஒண்ணு சொல்றேன். இந்த ஆபரேசன் நடக்கோணும்னு எனக்கும் ஆசைதானுங்க. எங்க பெரிய டாக்டருக்கு என்னையவிட ஆசை. நாம இல்லைன்னா வெளியூர்ல காத்திருக்கற இன்னொருத்தருக்கு ஆராய்ச்சியில இருக்கற இந்த ஒரு இடம் போயிரும். நான் கேக்கறப்ப அந்த ஆசை என்ற கொரல்லயும் இருந்திருக்கும். அவங்களுக்குக் காது நல்லாக் கேக்குதுங்களே."

இப்படிச் சொல்கிற டாக்டரிடம் சண்டை போடவும் முடியாது. சின்னப்பராஜ் எழுந்து வந்தார்.

சண்டை வீட்டில் காத்திருந்தது. ஜோஸ்லின் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அம்மாவைப் போல அல்ல. அவளுக்கு இல்லை என்பது நாக்கு நுனியிலேயே இருக்கும்.

"அம்மா மூணு தடவை ஆமான்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு இன்னும் என்னங்கப்பா வேணும்?"

"அது ஆமாவான்னு தெரியோணும் கண்ணு."

"வேற யாரு சொல்லியிருந்தாலும் ஒத்துக்குவீங்க. அம்மா சொன்னா மட்டும் அது மரியாதை, அது சங்கடம். அவங்களுக்குன்னு ஒரு ஆசை இருக்கவே கூடாதா?" பிறகு, சொல்லக் கூடாது என்று இருந்ததைச் சொல்லிவிட்டாள். "அம்மாவுக்கு வாய் வந்தா என்ன சொல்லிருவாங்களோன்னு உங்களுக்குப் பயம்."

பேக்கரியில் டீ குடித்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டு. "பொண்டாட்டி ஒரு நாளும் எதுத்துப் பேசாம வாழ்ந்த மனுசன். கம்ப்யூட்டரக் கொண்டு பேச உடுவானா?" சின்னப்பராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். கோபத்தில் இல்லை. அவர்கள் சொன்னதில் உண்மை எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை.

ஜெபராணி தாட்சண்யம் பார்க்காமல் "இல்லை" என்று சொல்வது உலகத்தில் ஒருத்தியிடம்தான். பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர், சுவர் ஓரம் ஜெபராணியின் முருங்கைமரம். மரம் சுவரை நெம்புகிறது என்பது சுப்பாத்தாள் கட்சி. சுவர்தான் மரத்தை நெம்புகிறது என்பது ஜெபராணி கட்சி. ஊருக்கெல்லாம் ங்க போட்டுப் பேசும் ஜெபராணிக்கு, சுவரோரம் போனால் மட்டும் அந்த ங்க காணாமல் போய்விடும்.

அன்று சாயங்காலம் சுப்பாத்தாளே சுவர்மேல் தலையை நீட்டினாள். "ஏனுங்க ராஜண்ணா, அவ எப்பிடி இருக்கறா? எனக்கு அவகூடப் பேச்சுவார்த்தை இல்லை. சும்மா கேக்கறேன்."

சின்னப்பராஜ் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "நீங்க வந்து அவகிட்ட ஒண்ணு கேக்கோணுமே" என்றார்.

சுப்பாத்தாள் உள்ளே போய்ப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எதிராளியைப் பார்க்கப் போகிறவள் நூல் சேலையிலா போவாள்?

ஆஸ்பத்திரியில் தொப்பியோடு கிடந்தவளைப் பார்த்ததும் சுப்பாத்தாளுக்கு ஒரு கணம் முகம் கோணியது. உடனே சரிசெய்துகொண்டாள். குனிந்து, வழக்கமான குரலிலேயே ஆரம்பித்தாள். "ஏ ராணி, நாந்தான். சுப்பாத்தா. மண்டையத் தொறந்து மிசினு வெக்கறாங்களாமா. வெச்சுக்கறயா?"

கீழ்க்கோடு எழுந்தது.

டாக்டர் எழுந்து நின்றார். ஜோஸ்லின், "இன்னொரு தடவை கேளுங்க" என்றாள். சுப்பாத்தாள் கேட்டாள். கீழ்க்கோடு.

"வேற எதாச்சும் கேளுங்க" என்றார் டாக்டர்.

"உன்ற முருங்கைமரம் என்ற செவுத்த நெம்புது. வெட்டிப்போடட்டுமா?"

கீழ்க்கோடு இதுவரை இல்லாத உயரத்துக்கு எகிறியது.

"செரி, நீ சொகமா இருக்கறயா?" கீழ்க்கோடு. அது நியாயம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். "உன்ற பேரு ஜெபராணிதான?" என்று சுப்பாத்தாள் கேட்டாள்.

கீழ்க்கோடு.

சுப்பாத்தாள் பட்டுச்சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா டாக்டரம்மா, திமிரு அப்பிடியே இருக்குது பாருங்க. ஒரு குறையுமில்லை" என்றாள். அவள் அத்தனை சந்தோஷமாக யாரும் பார்த்ததில்லை.

சின்னப்பராஜுக்கு மட்டும் வந்த வழி அடைபட்டுப் போனது. டாக்டர் கேட்டால் ஆமாம், சுப்பாத்தாள் கேட்டால் இல்லை. இதில் ஜெபராணியின் பதில் எது?

டாக்டர் அவரை வெளியே அழைத்துக்கொண்டு போனார். "சார், இனி நீங்கதான் கேக்கோணும். ஆபரேசனப் பத்தி இல்லீங்க. எப்பவோ நீங்க கேட்டு, அவங்க செரின்னு சொல்லி, ஆனா உள்ளுக்குள்ள புடிக்காம இருந்திருக்குமோன்னு உங்களுக்கே தோணற விசயம் எதாச்சும் ஒண்ணு இருக்குமுங்கல்ல? அதைக் கேளுங்க. அதுக்கு இல்லைன்னு உங்க மொகத்துக்கு நேரா சொல்லிட்டாங்கன்னா, அப்புறம் அவங்க சொல்ற ஆமாவுக்கு ஒரு மதிப்பு வருமுங்க."

பெண்டாட்டியின் ஒரு ஆமாமை நம்புவதற்கு, முதலில் தன் வாழ்க்கையில் ஓர் இல்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். இது ஆஸ்பத்திரிக் கணக்கு.

சின்னப்பராஜ் ஊருக்கு வந்து தறி ஷெட்டுக்குள் உட்கார்ந்தார். எதைக் கேட்பது என்று வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் சாய்ந்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. வீடு கட்டிய புதிதில் அவர்தான் கேட்டார், "தறி ஷெட்ட அடுக்களைச் செவுத்தோட ஒட்டிப் போட்டுக்கலாமா ராணி? ஒரு செவுரு மிச்சம்." அவள் செரிங்க என்றாள். நல்ல பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டார்.

எழுந்து சமையலறைக்குப் போனார். தறி ஓடும் நேரத்தில் அங்கே போய் நின்று அவருக்குப் பழக்கமில்லை. தறி ஓடும்போது அவர் தறியோடு இருப்பார், நின்றால்தான் சாப்பிட வருவார். இப்போது தறியை ஓடவிட்டு நின்று பார்த்தார். தறியின் நாடாக்கட்டை அடிக்கும் சத்தம் சுவர் வழியாக வந்து பல்லில் இறங்கியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று உரசி நடுங்கிக்கொண்டிருந்தன. இருமிப் பார்த்தார், இருமல் அவர் காதுக்கே கேட்கவில்லை. ஜோஸ்லின் போன் பண்ணினால் ஜெபராணி ஏன் கேட்டுக்கு வெளியே ஓடிப்போய்ப் பேசுவாள் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. தெருவை வேடிக்கை பார்க்கும் புத்தி என்று கேலி செய்திருக்கிறார்.

மறுநாள் கோயிலுக்குப் போய், பெண்டாட்டி தன்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். அந்தக் கோயிலில் அப்படியொரு வேண்டுதலை அந்தோணியார் கேட்டிருக்க மாட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே போய் அவள் கையைப் பிடித்தார். டாக்டர் திரையருகே, ஜோஸ்லின் கால்மாட்டில்.

"ராணி, தறியை அடுக்களையோட ஒட்டி வெக்கலாமான்னு கேட்டேன். நீ செரின்ன. நெசமாலுமே உனக்கு அது செரியா இருந்துச்சா? சொல்லு அம்மணி. எதுன்னாலும் சொல்லு."

திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு கீழ்க்கோடு எழுந்தது.

ஜோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னப்பராஜுக்கு நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போலவும், அதே சமயம் யாரோ எழுந்து போனது போலவும் இருந்தது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தில் நின்று அவள் அவருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள்.

"இப்பக் கேளுங்க சார்" என்றார் டாக்டர் மெதுவாக.

"ராணி." அவர் குரல் உடைந்தது. "மண்டையத் தொறக்கறாங்களாம். உனக்கு என்னாச்சும் ஆயிப்போச்சுன்னா... வெச்சுக்கலாமா?"

கீழ்க்கோடு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஜோஸ்லின்தான் ஆரம்பித்தாள், அழுகையை அடக்கிக்கொண்டு, "அப்பா, உங்க கொரல நீங்க கேட்டீங்களா? வேண்டாம்னு சொல்லு, வேண்டாம்னு சொல்லுன்னு கெஞ்சற மாதிரி இருந்துச்சு. தறியக் கேட்டப்பவும் அப்பிடித்தான். இல்லைன்னு சொல்லமாட்டாளான்னு ஏங்கறது எனக்கே தெரிஞ்சுது. அம்மாவுக்குத் தெரியாதா?"

சின்னப்பராஜ் கையை விட்டார்.

டாக்டர் ஆமாமுக்காக வந்தார், ஆமாம் கிடைத்தது. சுப்பாத்தாள் சண்டைக்காக வந்தாள், நிறையவே கிடைத்தது. இவர் ஓர் இல்லையை எதிர்பார்த்து, சாமிக்கு நேர்ந்துகொண்டு வந்தார். இரண்டாகவே கொடுத்தாள். வீடு தேடி வந்தவர்களை ஜெபராணி என்றைக்கு வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறாள்? தறி பிடிக்கவில்லை என்றதுகூட நிஜமா, இல்லை இதுவும் அவருக்காக எடுத்துவைத்த ஒரு தட்டு முறுக்கா?

"டாக்டரம்மா, ஜோஸ்லின் சொல்றது செரிங்களா?"

"இருக்கலாமுங்க. இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இதை அளக்கத் தெரியலீங்க சார்."

"எதுவும் கேக்காம இந்தத் தொப்பி கொஞ்ச நேரம் இருக்கட்டுங்களா?"

"கேள்வி இல்லாம என்னத்தைங்க பாக்கறது?"

"தெரியலீங்க. யாரும் ஒண்ணும் எதிர்பாக்காதப்ப அவ எப்பிடி இருக்கறான்னு."

கட்டிலை விட்டு விலகிப் போனார்கள். ஜோஸ்லின் ஜன்னலருகே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் ஆறிப்போன டீயைக் குடித்தார். சின்னப்பராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தன் மூச்சுகூட அவளிடம் எதையும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

வெகுநேரம் கழித்து டாக்டர்தான் கூப்பிட்டார். "சார், இதைப் பாருங்க."

கீழ்க்கோடு எழுந்திருந்தது. பதில் சொன்னபோது எழுந்ததுபோல வெடுக்கென்று இல்லை. மெதுவாக எழுந்து, விழாமல் நின்றது.

"இல்லைங்கறாங்க. எதுக்கு இல்லைங்கறாங்க? யாரும் ஒண்ணும் கேக்கலியே?" என்றார் டாக்டர்.

"அது பதில் இல்லீங்க" என்றார் சின்னப்பராஜ். "நடந்து போறா."

டாக்டர் நேர்மையான பெண். மூளை சும்மா கிடக்கும்போதும் கோடு இப்படி எழுவதுண்டு, அர்த்தம் இல்லாமலும் இருக்கலாம் என்றார். சின்னப்பராஜ் தலையாட்டினார். ஆனால் அவர் மனம் கோட்டோடு போய்க்கொண்டிருந்தது. சுப்பாத்தாள் வீட்டு கேட், அடுத்து மாவு மில், அப்புறம் பேக்கரி. பேக்கரி தாண்டினால் தறிச் சத்தம் தேய்ந்துவிடும். தன் செருப்புச் சத்தம் தனக்கே கேட்கும் இடம் அது. வண்டியில் ஏறிக்கொள் என்று அவர் கூப்பிட்டபோதெல்லாம் அவள் வேண்டாமென்றாளே, வாழ்க்கையில் அவரிடம் அவள் சொன்ன ஒரே இல்லை அதுதான். அதையும் அவர் வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் கையெழுத்துப் போடவில்லை.

"அவ யாரு மொகத்தையும் பாக்காம, அவளுக்காக ஒரு பதில் சொல்லட்டுமுங்க. அது வர்ற வரைக்கும் என்னால முடியாது."

"இடம் போயிருமுங்க சார். மறுபடி எப்ப வருமுன்னு சொல்ல முடியாது."

"தெரியுமுங்க."

ஜோஸ்லின் அவரோடு காரில் வரவில்லை. அவிநாசி ரோட்டில் பஸ் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு அம்மாவைப் பார்க்க வருவாள், அப்பா வருகிற நேரம் தெரிந்து வேறு நேரத்தில் வருவாள்.

இடம் வெளியூர்க்காரருக்குப் போனது. அவருக்குக் கருவி வைத்து, அது வேலையும் செய்துவிட்டது. டாக்டர் சண்முகப்ரியாவே போனில் சொன்னார். அந்த ஆள் கம்ப்யூட்டர் வழியாகப் பேசிய முதல் வாக்கியம், ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்பதாம். எத்தனை மாதமாகக் குளிரில் கிடந்தாரோ. சின்னப்பராஜ் போனை வைத்துவிட்டு, ஜெபராணியின் கட்டிலுக்கு மேலே ஓடிய ஃபேனை அண்ணாந்து பார்த்தார். வேகம் கூடுதலா, குறைவா? போர்வை வேண்டுமா, வேண்டாமா? கேட்கலாம்தான். யாருக்காகப் பதில் சொல்வாளோ.

கருமத்தம்பட்டி தீர்ப்பு எழுதிவிட்டது. பெண்டாட்டியின் வாயை அடைத்தவன் என்று சொல்லவில்லை, நம் ஊர் மரியாதை தெரிந்த ஊர். "அவருக்கு என்னமோ மனசு வரலை பாவம்" என்று சொல்லிவிட்டு, அவர் நகர்ந்ததும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் சமையலறைப் பக்கத்துத் தறிகளை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். சத்தம் நின்றதும் சுவர்மேல் சுப்பாத்தாள் தலை முளைத்தது.

"ஏனுங்க ராஜண்ணா, கரண்ட் போச்சுங்களா?"

"இல்லீங்க. இந்தப் பக்கம் தறியக் கழட்டி அக்கட்டால போடலாமுன்னு."

"அவ சொன்னாளாக்கும்?"

"சொன்னா." பிறகு அவரே, "சொன்னாளான்னு தெரியலீங்க" என்றார்.

சுப்பாத்தாளுக்கு அதில் சுவாரசியமில்லை. முருங்கைமரத்தைக் கண்ணால் அளந்தாள். "அப்பிடியே இந்த மரத்தையும் எடுத்துப்போட்டா என்னுங்க? அவதான் இப்ப ஒண்ணும் சொல்லமாட்டாளே."

"ராணியக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க." பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தறி ஓடாத அந்த அமைதியில், அது நன்றாகவே விழுந்தது.

சுப்பாத்தாள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அவர் மரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.